கொக்கைக் குற்றவாளி ஆக்கும் முன்…

மாலை ஏழு மணி வாக்கில் லுக்குட் ஆற்றங்கரைப் பக்கம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களிலும் மாடுகளின் காலடியிலும் இரை தேடிய கொக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரே மரத்தில் அடைகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மரம் வெள்ளைப் பூ பூத்தது போல இருக்கும். கிட்டே போனால் எச்சமும் நாற்றமும் இரைச்சலும்தான்.

அப்படியொரு மரம் உங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த வட்டாரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கடுங்காய்ச்சல். யாரோ ஒருவர் கைப்பேசியில் ஒரு செய்தியைப் பரப்புகிறார்: “கொக்கின் இரத்தத்தில் மூளைக்காய்ச்சல் கிருமி இருக்கிறதாம்!” மறுநாளே, மரத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு மனு தயாராகிறது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுக்கும் அந்தத் தாள் வருகிறது. கையெழுத்துப் போடச் சொல்வீர்களா?

என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். பறவைகள் மேல் உள்ள பாசத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்பதை லுக்குட்டுக்கு அருகிலேயே, நீங்கள் பிறப்பதற்கு முன்பு, நம் நாடு பல உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் மறந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு துளி இரத்தத்தில்

முதலில் பறவையின் இரத்தத்தைப் பார்ப்போம். நம்முடைய முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை என்று படித்திருப்பீர்கள். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் நீள்வட்ட அணுக்கள் வரிசையாகத் தெரியும். சில அணுக்களில் உட்கருவுக்குப் பக்கத்தில் இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் அது உட்கருவையே வளைத்துப் பிடித்திருக்கும். அதுதான் இரத்த ஒட்டுண்ணி.

காட்டு வாத்து, கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும் மற்றப் பறவைகளிலும் மூன்று வகை ஒட்டுண்ணிகள் முக்கியமானவை. பிளாஸ்மோடியம் என்பது மலேரியா இனம்; பறவைகளுக்கு இதைப் பெரும்பாலும் கியூலெக்ஸ் போன்ற கொசுக்கள் பரப்புகின்றன. ஹீமோபுரோட்டியஸ் என்பதைக் கண்ணுக்கே சரியாகத் தெரியாத கடிப்பூச்சிகளும், இறகுக்குள் ஒளிந்து வாழும் பேன் ஈக்களும் பரப்புகின்றன. லூக்கோசைட்டோசூன் என்பதை ஓடும் தண்ணீரில் வளரும் கருப்பு ஈக்கள் பரப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய்க்கடத்தி வேண்டும். அந்தக் கடத்தி இல்லாத இடத்தில் ஒட்டுண்ணி பறவைக்குப் பறவை தாவ முடியாது.

இவை பறவைகளைக் கொல்லுமா? பெரும்பாலும் இல்லை. வளர்ந்த பறவை பல ஆண்டுகள் இந்த ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டே வாழ்ந்துவிடும். ஆனால் குஞ்சுகளின் நிலை வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள சீனி வனவிலங்குக் காப்பகத்தில், 1960களில் சில ஆண்டுகளில், கனடா வாத்துக் குஞ்சுகள் ஏராளமாகச் செத்தன. லூக்கோசைட்டோசூன்தான் காரணம். கருப்பு ஈக்கள் பெருகும் பருவமும் குஞ்சு பொரிக்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டால் குஞ்சுகள் தப்புவது கடினம்.

ஹவாய்த் தீவுகளில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். அங்கே பழங்காலத்திலிருந்தே கொசு கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களில் கியூலெக்ஸ் கொசு வந்து சேர்ந்தது. பின்னர் பறவை மலேரியாவும் பரவியபோது, அதை எதிர்க்கப் பழகாத உள்ளூர்ச் சிட்டுகள் மடிந்தன. பல இனங்களே இல்லாமல் போயின. பறவையும் ஒட்டுண்ணியும் மட்டும் இருந்தால் போதாது. நடுவில் கடத்தி வந்தால்தான் சங்கிலி முழுமையாகிறது.

இந்தப் பறவை ஒட்டுண்ணிகள் மூன்றும் மனிதருக்கு வருவதில்லை. நமக்கு நெருங்கிய உறவான குரங்கின் மலேரியா மனிதருக்கும் தொற்றும். நம் நாட்டிலேயே அது இருக்கிறது. ஆனால் கொக்கின் மலேரியா கொக்கோடு நின்றுவிடும். “பறவையின் இரத்தத்தில் கிருமி” என்ற சொற்களைக் கேட்டதுமே பயப்படத் தேவையில்லை என்பதற்கு இதுவே முதல் காரணம்.

பறவைக்கு நாம் பட்ட கடன்

சொல்லப்போனால், நம் தோட்டத்து மக்கள் பறவைகளுக்குக் கடன்பட்டவர்கள். மலேரியாவைக் கொசு எப்படிக் கடத்துகிறது என்பதை முழுமையாகக் காட்டியது மனித இரத்தம் அல்ல, பறவை இரத்தம். 1898-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், நோயுற்ற பறவைகளைக் கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றில் வளர்ந்த ஒட்டுண்ணி அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதைக் கண்டார். அந்தக் கொசுக்கள் கடித்த நல்ல பறவைகளுக்கும் நோய் வந்தது. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் அந்தப் பணியில் அவருக்குத் துணையாக இருந்தார். 1902-இல் ராசுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அறிவு மூன்றே ஆண்டுகளில் மலாயாவுக்கு வந்தது. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், அங்கும் இன்றைய போர்ட் கிள்ளானிலும் சதுப்புகளை வடித்து, தேங்கிய தண்ணீரை ஓடவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் மலேரியாச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பிறகு அவர் ரப்பர் தோட்டங்கள் பக்கம் திரும்பினார். லயங்களில் நம் கொள்ளுத் தாத்தா பாட்டிகள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த காலம் அது.

அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் தோண்டினால் மலேரியா குறைந்தது. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது! காரணம் எளியது. சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு நிழலான குட்டையில் வளர்வது. மலைச்சரிவில் பரப்பியதோ வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டியதும் முன்னதற்கு வீடு போனது. பின்னதற்கு வீடு கிடைத்தது. எந்தக் கொசு என்று தெரியாமல் செய்யும் வைத்தியமே நோயாகிவிடும் என்று வாட்சன் புரிந்துகொண்டார். மரத்தை வெட்டச் சொல்லும் மனு வரும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதி உண்மை எது?

இப்போது அந்தக் கைப்பேசிச் செய்திக்கு வருவோம். கொக்கோடு தொடர்புள்ள, மனிதரையும் தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், சுருக்கமாக ஜே.இ. இது ஒட்டுண்ணி அல்ல, வைரஸ். 1950களில் ஜப்பானில், தோக்கியோவுக்கு அருகில் கொக்குகளும் வக்காக்களும் கூடு கட்டிய இடங்களில் நடந்த ஆய்வுகள், இந்த வைரஸ் இயற்கையில் அந்தப் பறவைகளிடம் சுற்றுவதைக் காட்டின. தமிழ்நாட்டிலும் 1955-இல் வேலூர் வட்டாரத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது; இந்தியாவில் அதுவே முதல்முறை.

சங்கிலி இப்படிப் போகிறது. வயல்களிலும் தேங்கிய நீரிலும் வளரும் கியூலெக்ஸ் கொசு, வைரஸ் உள்ள கொக்கைக் கடிக்கிறது. அதே கொசு பன்றியையும் கடிக்கிறது. பன்றியின் உடலில் வைரஸ் ஏராளமாகப் பெருகுகிறது. அங்கிருந்து இன்னும் பல கொசுக்கள் அதை எடுத்துக்கொண்டு மனிதரைக் கடிக்கின்றன. மனிதனோடு சங்கிலி முடிந்துவிடுகிறது. நம் இரத்தத்தில் இன்னொரு கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் சேர்வதில்லை. தொற்றியவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆனால் அந்த ஒருவரின் நிலை மோசம். உயிர் போகலாம், பிழைத்தாலும் மூளைப் பாதிப்பு தங்கலாம். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள்.

ஆகவே கொக்குக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. கொக்கு நேரடியாக உங்களுக்கு நோய் தரும் என்பது உண்மை அல்ல. இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியலாம். 1999-இல் அது அப்படி இருக்கவில்லை.

புக்கிட் பெலாண்டோக் சொல்லும் பாடம்

லுக்குட் இருக்கும் அதே போர்ட்டிக்சன் மாவட்டத்தில்தான் புக்கிட் பெலாண்டோக்கும் சுங்கை நிப்பா கிராமமும் உள்ளன. அந்தக் காலத்தில் அது நாட்டின் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்று. 1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈப்போ பக்கம் பண்ணையாளர்களிடையே மூளைக்காய்ச்சல் தொடங்கியது. சில மாதங்களில் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

எல்லாரும் ஜே.இ. என்றே நினைத்தார்கள். அதில் தவறு காண முடியாது. பன்றிகள் இருந்தன, கொசுக்கள் இருந்தன, சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜே.இ.க்கான எதிர்ப்பொருளும் தென்பட்டது. புகை மருந்து அடித்தார்கள். ஜே.இ. தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் சாவு நிற்கவில்லை.

கூர்ந்து பார்த்தவர்களுக்குக் கணக்கு இடித்தது. ஜே.இ. பிள்ளைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. இங்கே நோய் வந்ததோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு. தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே பலமாக இருமி நோயுற்றன. ஜே.இ. வந்த பன்றி அப்படி இருமுவதில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து வைரசைப் பிரித்தெடுத்தார். அது ஜே.இ. இல்லை, உலகம் அதுவரை அறியாத புது வைரஸ். அந்தக் கிராமத்தின் பெயராலேயே அது நிப்பா வைரஸ் எனப்பட்டது. அந்தப் பரவலில் கொசுவுக்கு வேலையே இல்லை. நோயுற்ற பன்றியைத் தொட்டவருக்கு அதன் உடல்நீர் வழியாக நேராக வந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. புக்கிட் பெலாண்டோக்கில் பல குடும்பங்களின் பிழைப்பே போயிற்று.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பொருத்தமாகத் தோன்றிய விளக்கம் ஒன்று கையில் இருந்தது. ஆனால் அந்த விளக்கத்தோடு ஒத்துப்போகாத சான்றுகள் வரிசையாக வந்தபோது, அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது. பண்ணைகளில் கையுறையும் முகக்கவசமும் வேண்டியிருந்த நாட்களில் நாம் கொசுவுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு பழி பழந்தின்னி வௌவால் மேல் விழுந்தது. அதிலும் ஓரளவு உண்மை இருந்தது. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் விரிப்பு விரித்து, அவற்றின் சிறுநீரைச் சேகரித்து, அதில் நிப்பா வைரசைக் கண்டார்கள். அதற்காக வௌவால்களைச் சுட்டுத் தள்ள வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை. பன்றிக் கொட்டகைக்கு மேல் பழமரம் நிற்க வேண்டாம் என்றார்கள். கடித்துப்போட்ட பழம் கொட்டகையில் விழாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். வௌவாலும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.

அப்படியானால் கொக்கு மரத்தை என்ன செய்வது?

விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. வெட்டினால் கொக்குகள் செத்துப்போகா. அடுத்த மரத்துக்குப் போகும். அந்த மரம் இன்னொரு குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கலாம். கொசுக்களோ இருந்த இடத்திலேயே இருக்கும். அடைபட்ட கால்வாயும் வெட்டிப்போட்ட டயரும் அப்படியே கிடக்கும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொக்கே தேவையில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

“அதற்காகப் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதா?” என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அவருக்கு என் பதில் இது: ஜே.இ. சங்கிலியை அறுக்க எளிதான இடங்கள் பல இருக்கின்றன. தண்ணீரைத் தேங்கவிடாமல் செய்யலாம். பன்றிப் பண்ணைகளை வீடுகளிலிருந்து தள்ளி வைக்கலாம். தடுப்பூசி இருக்கிறது; நோய் அதிகம் காணப்படும் சரவாக்கில் குழந்தைகளுக்கு அரசாங்கமே அதைப் போடுகிறது. இத்தனை கண்ணிகளை விட்டுவிட்டு, கைக்கு எட்டாமல் பறந்து போகும் ஒரே கண்ணியை அறுக்கப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

பறவைகளை விட்டுவிடுவது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு. செத்துக் கிடக்கும் நீர்ப்பறவையை ஒருபோதும் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் கொசு இல்லாமலே பரவும். பெரியவர்களிடம் சொல்லி, கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுக்கச் செய்யுங்கள்.

என் ஆசை இன்னும் ஒன்று உண்டு. பறவைகளின் இரத்தத்தை நாம் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் பார்த்தோம். கோலாலம்பூரில் பணியாற்றிய எலியட் மெக்லூர் என்ற பறவையியலாளர், 1963-இல் தொடங்கிய பெரும் திட்டம் ஒன்றை வழிநடத்தினார். மலாயா உட்பட ஆசியாவின் பல நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டார்கள். பலவற்றிலிருந்து ஒரு துளி இரத்தமும் எடுத்தார்கள். அந்த இரத்த ஒட்டுண்ணிகளைப் பற்றிய நூல் 1978-இல் வந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். புது நோய் வந்த பிறகு பதறி ஓடுவதைவிட, எந்தப் பறவையில் எப்போதும் என்ன இருக்கிறது என்ற கணக்கு முன்கூட்டியே கையில் இருப்பது நல்லது. கணக்கு இருந்தால்தான் அது எப்போது மாறுகிறது என்று தெரியும்.

இரத்தம் எடுப்பது பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களின் வேலை. உங்கள் வேலை அல்ல. ஆனால் எண்ணுவது உங்களால் முடியும். லுக்குட்டிலிருந்து போர்ட்டிக்சன் தாண்டிப் போனால் தஞ்சோங் துவான் முனை வருகிறது. சுமத்ராவிலிருந்து கடல் கடந்து திரும்பும் கழுகு, பருந்து இனங்களை வரவேற்க மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் அங்கே விழா நடத்தி வருகிறது. அங்கே வானத்தைப் பார்த்து எண்ணுவோரில் சாதாரண மக்களும் இருக்கிறார்கள். அதே வேலையை உங்கள் பள்ளி அறிவியல் கழகம் கொக்கு மரத்தடியில், கொஞ்சம் தள்ளி நின்று செய்யலாம். வாரம் ஒரு மாலை. எத்தனை பறவை, எந்த இனம், எத்தனை குஞ்சு. கூடவே பக்கத்துக் கால்வாயில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு கொசுப்புழு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஓர் ஆண்டு கழித்து, அந்த நோட்டு கைப்பேசிச் செய்திகள் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளதாக இருக்கும்.

மனு உங்கள் வீட்டுக்கு வந்தால், அதைக் கொண்டுவந்தவரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். “ஐயா, பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார்களா? என்ன நோய் என்று தெரிந்ததா? அது எந்த வழியாக வந்தது?” மூன்றுக்கும் பதில் வந்து, மூன்றும் அந்த மரத்தையே காட்டினால், நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். பதில் வராவிட்டால், அந்தத் தாளின் பின்பக்கத்தில் வேறொரு மனு எழுதுங்கள்: எங்கள் கால்வாயைச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று. அதில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.